பொத்தானை அழுத்தினால் பாகம் வரும், சரி, அது ஓடுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் முப்பரிமாண பிரிண்டிங் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையை எங்கள் பட்டறையில் நாலு பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். டீ கிளாஸ் வட்டம் விழுந்து அந்தத் தாள் இப்போது லேத் மேல் கிடக்கிறது. நல்ல கட்டுரைதான். ஆனால் உள்ளங்கையில் ஒரு மஞ்சள் கலர் பம்ப் இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) வைத்துப் படம் எடுத்து, நாலே மணி நேரத்தில் பாகம் தயார், இனி டை (பாகம் எடுக்கும் அச்சு) எதற்கு, பேட்டர்ன் (வார்ப்படத்துக்கு மண்ணில் பதிக்கும் உருவம்) எதற்கு என்கிற தோரணையில் கீழே இரண்டு வரி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு மறுநாள் காலையிலேயே என் பார்ட்டி ஒருவர் போன் போட்டு, "பேப்பர்லயே போட்டுட்டாங்க, நீங்க ஏனுங்க இன்னும் டைக்கு ஆறு வாரம் கேக்கறீங்க?" என்றார். அவருக்குச் சொன்ன பதில் போனில் முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கோவை கணபதிப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருப்பவன். இரண்டு லேத், கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைக் குடைகிற ஒரு வி.எம்.சி. மெஷின், என்னோடு சேர்த்து ஏழு பேர். பம்புக்கும் மோட்டாருக்கும் உதிரி பாகம் செய்கிறோம், புது மாடல் போடுகிறவர்களுக்கு மாதிரியும் செய்து தருகிறோம். பிரிண்டர் மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. எங்களிடமே ஒன்று ஓரமாக ஓடிக்கொண்டிருக்கிறது, பாகத்தைப் பிடிக்கிற ஜிக்கும் அளவு பார்க்கிற கேஜும் அதில்தான் போட்டுக்கொள்கிறோம். எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. எந்த மெஷின் நல்லது, எது வேகம், எது மலிவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மாதிரியை வைத்து நான் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் இருந்தேன், அதற்கு விலை கொடுத்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முந்தின வருஷம் மே மாதம். வீட்டுக்குப் போடுகிற அரை ஹெச்.பி. மோனோபிளாக் பம்ப் ஒன்றுக்கு, பித்தளை இம்பெல்லரை எடுத்துவிட்டு நோரில் என்கிற பிளாஸ்டிக்கில் இம்பெல்லர் போட வேண்டும் என்று ஒரு பார்ட்டி வந்தார். பிளேடின் வளைவையும் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தி நிரப்புகிற இஞ்செக்ஷன் மோல்டுக்கு லட்சக்கணக்கில் போடும் முன் ஒன்று செய்து ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார், நியாயமான பேச்சுதான். எங்கள் பிரிண்டர் அப்போது வரவில்லை, ஆகவே பக்கத்தில் ஒரு பிரிண்டிங் கடைக்கு ஃபைலை அனுப்பினேன். கடைத் தம்பி போனில் கேட்டது ஒரே கேள்வி: "என்ன கலர்ல வேணுங்ண்ணா?" ஆரஞ்சு என்றேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் வேறு எதுவும் சொல்லவில்லை. தப்பில் பாதி என்னுடையது.

மறுநாள் ஆரஞ்சு இம்பெல்லர் வந்தது. பார்க்க அழகு. ஷாஃப்டில் மர சுத்தியால் லேசாகத் தட்டினால் ஏறி உட்கார்ந்தது, பார்ட்டிக்கும் சந்தோஷம். தண்ணீர் ஊற்றி ஓட்டினோம், பிரஷர் கேஜ் முள் எதிர்பார்த்த இடத்துக்கு மேலேயே போய் நின்றது, டிரம் நிரம்புகிற நேரத்தை வாட்சில் பார்த்தோம், அதுவும் சரி. அப்புறம்தான் வழக்கம்போல் டெலிவரி வால்வை முழுக்க மூடி ஓட்டினோம். வீட்டில் யாராவது கேட் வால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனை அது, ஊரில் தினமும் நடப்பதுதான். தண்ணீர் வெளியே போகாவிட்டால் மோட்டார் இழுக்கிற கரண்ட் எல்லாம் கேசிங்குக்குள், அதாவது இம்பெல்லரைச் சுற்றியிருக்கிற கூட்டுக்குள், சூடாகத்தான் மாறும். அரை ஹெச்.பி. என்றால் சுமார் 370 வாட், மூடிய வால்வில் அதில் பாதி இழுத்தாலே அரை லிட்டர் தண்ணீர் நிமிஷத்துக்கு 5 டிகிரி ஏறும். மே மாதத்துத் தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே முப்பதுக்கு மேல். எட்டாவது நிமிஷம் "கிர்ர்" என்று ஒரு சத்தம், மோட்டார் முனகி நின்றது. கழற்றிப் பார்த்தால் இம்பெல்லரின் முன் தட்டு அப்பளம் மாதிரி அலை அலையாக வளைந்து கேசிங்கில் உரசியிருந்தது, பிளேடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஆரஞ்சுத் தூள் சீல் வரைக்கும் போயிருந்தது.

பார்ட்டி ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துப் புரட்டினார். "பிளாஸ்டிக் இம்பெல்லர் நமக்கு ஆகாதுங்க, விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள் தெரு முனை திரும்பிவிட்டார்.

அந்த ஆரஞ்சு இம்பெல்லர் பி.எல்.ஏ. என்கிற பிளாஸ்டிக். கடைகளில் கேட்காமலே போட்டுத் தருகிற சரக்கு அதுதான், விலை குறைவு, மெஷினில் மக்கர் பண்ணாது. ஆனால் சுமார் 60 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். நோரில் 100 டிகிரியைத் தாண்டியும் நிற்கும், போர்வெல் பம்புகளில் அது வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக அன்றைக்குத் தோற்றது பார்ட்டியின் டிசைனும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. நாங்கள் செய்த மாதிரி பொய் சொல்லிவிட்டது. நல்ல டிசைன் ஒன்றைக் கெட்டது என்று சாட்சி சொன்னது, நாங்களும் நம்பினோம்.

கலர் கேட்ட தம்பியைத் திட்டிப் பயனில்லை. முறுக்கு பிழிகிற மாதிரிதானே அந்த மெஷின் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் கம்பியை உருக்கி 0.4 மில்லிமீட்டர் நாசில் வழியாகப் பிழிந்து, 0.2 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு அடுக்கு, அதன்மேல் ஒரு அடுக்கு. ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கர் 1989-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. அந்தக் காப்புரிமை 2009-ல் முடிந்தது, அதற்குக் கொஞ்சம் முன்னால் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று திறந்த முறையில் ஒரு பிரிண்டர் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் லட்சங்களில் இருந்த மெஷின் இன்றைக்குச் சைக்கிள் விலைக்கு வந்து தெருவுக்கு ஒன்றாக நிற்கிறது. மலிவானது நல்லதுதான். ஆனால் அடுக்கடுக்காக வைத்த எதுவும் அடுக்கு வாக்கில் பிரியும். படுக்கவைத்துப் பிரிண்ட் போட்ட பிராக்கெட் ஒரு ஆளின் எடையைத் தாங்கும், அதையே நிற்கவைத்துப் போட்டால் கையாலேயே பட்டென்று ஒடிக்கலாம். டிராயிங் ஒன்றே, மெட்டீரியல் ஒன்றே, வைத்த வாக்கு மட்டும் வேறு. 100 மில்லி இம்பெல்லர் நிமிஷத்துக்கு 2880 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது டவுன் பஸ் அவிநாசி ரோட்டில் முழு வேகத்தில் போகிற மாதிரி. அந்த வேகத்தில் அடுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. இன்னொன்று, உள்ளே முழுக்க நிரப்பவும் மாட்டார்கள், சொல்லாவிட்டால் 20 சதவீதம்தான், மீதி தேன்கூடு மாதிரி வெற்றிடம். அடுக்குக்கு நடுவில் தண்ணீர் கசியும், கேசிங்கைப் பிரிண்ட் போட்டு பிரஷர் ஏற்றினால் வேர்த்துக் கொட்டுகிற மாதிரி இருக்கும்.

சரி, அப்போ பி.எல்.ஏ. வேண்டாம், ஏ.பி.எஸ். என்கிற வேறு பிளாஸ்டிக்கைப் போடுங்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஏ.பி.எஸ். 100 டிகிரிக்குக் கிட்டே வரை தாங்கும், உண்மை; பிரிண்ட் போடும்போதே ஓரம் தூக்கிக்கொள்ளும், மூடிய பெட்டிக்குள் சூடாக வைத்துப் போட வேண்டும், அடுக்குப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

ரெசின் பிரிண்டரைப் பற்றி உங்கள் கட்டுரை நிறையவே புகழ்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மூத்தது அதுதான், சக் ஹல் 1984-ல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டது. திரவ ரெசின் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சி இறுகவைப்பது. மேற்பரப்பு கண்ணாடி போல் வரும், அளவு துல்லியம், ஃபிட்டிங் பார்க்க அதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒரு செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள், வெடித்துவிடும். சாதாரண ரெசின் மிட்டாய் மாதிரி, அழுத்தம் தாங்கும், அடி தாங்காது. வெயிலில் வைத்தால் நாளாக நாளாக மஞ்சளடித்து இன்னும் முறுகும். டஃப் ரெசின் என்று தனியாக விற்கிறார்கள், கொஞ்சம் பரவாயில்லை, விலைதான் கூடுதல். நான் ரெசினை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு நல்ல ரெசின் பீஸ் செய்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, அதைச் சுற்றி சிலிக்கான் ரப்பர் ஊற்றி மோல்டு எடுத்து, வேக்குவத்தில் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கை வார்த்தால் ஒரு மோல்டில் இருபது பீஸ் வரை எடுக்கலாம், அதற்குமேல் ரப்பர் கிழியும். அடுக்கு கிடையாது, எந்தப் பக்கமும் ஒரே பலம், ரப்பர் மாதிரியும் வார்க்கலாம், ஏ.பி.எஸ். மாதிரியும் வார்க்கலாம். பத்துப் பதினைந்து டீலருக்குக் கொடுத்து உபயோகித்துப் பார்க்கச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஆனால் படத்தில் காட்ட அழகாக இருக்காது போல, யாரும் எழுதுவதில்லை.

பவுடர் முறையைப் பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான் இருந்தது. எண்பதுகளில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் என்ற மாணவர் தொடங்கிவைத்தது: நைலான் பவுடரை மெல்லப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் லேசரால் உருக்கி ஒட்டவைப்பது. உருகாத பவுடரே பாகத்தைத் தாங்கிக்கொள்வதால் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மூடிய இம்பெல்லருக்கு இது பெரிய விஷயம். மற்ற முறைகளில் இரண்டு தட்டுக்கும் நடுவில் பிளேடு சந்துக்குள் முட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும், அதைக் கிளறி எடுக்கும்போது பாதி பிளேடு சேர்ந்து வரும். பவுடரில் அந்தத் தலைவலி இல்லை, காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். அந்த நைலான் 12 உருக 180 டிகிரிக்குக் கிட்ட வேண்டும், தண்ணீரை நைலான் 6 அளவுக்குக் குடிக்காது. மேற்பரப்பு மட்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அளவும் 0.3 மில்லி முன்னே பின்னே போகும். அதனால் ஷாஃப்ட் துளையைச் சின்னதாக வைத்து வாங்கி நாங்களே லேத்தில் கடைந்து பெரிதாக்கிக்கொள்வோம். பிரிண்ட் போட்டு வந்த அளவில் நேரே பேரிங் உட்கார வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள், எந்த மெஷினாக இருந்தாலும் சரி.

அப்புறம், எல்லாவற்றையும் பிரிண்ட்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? லேத்தில் இருபது நிமிஷத்தில் முடிகிற டெல்ரின் பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு எட்டு மணி நேரம் பிரிண்ட் போட்டுவிட்டுக் காத்திருந்த இன்ஜினியர்களை நான் பார்த்திருக்கிறேன். பல் சக்கரம், புஷ், தட்டு, கப்ளிங் இதெல்லாம் அசல் மெட்டீரியலிலேயே ராடும் பிளேட்டும் கடையில் கிடைக்கிறது, கடைசல் செய்தால் பலமும் தேய்மானமும் அசல் பாகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மோட்டாரின் ஃபேன் கவர் மாதிரித் தகடு வேலை என்றால் லேசர் கட்டிங் கடையில் வெட்டி வளைத்து மத்தியானத்துக்குள் வாங்கிவிடலாம். மெஷினிங்கில் வராத வடிவம் என்றால்தான் பிரிண்டருக்குப் போக வேண்டும் என்பது என் பழக்கம், புதிதாக வருகிறவர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள்.

உலோக பாகம் என்றால் கதை வேறு. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது, வார்ப்படம் இங்கே ரத்தத்தில் ஊறியது. வார்ப்பு இரும்பிலோ கன்மெட்டல் என்கிற வெண்கல வகையிலோ ஓடப்போகிற பாகத்துக்கு பிளாஸ்டிக்கில் மாதிரி செய்து ஓட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பேட்டர்னை மட்டும் பிரிண்ட் போட்டு, மண்ணில் அடித்து, அசல் உலோகத்தையே வார்த்துவிடலாம். இதிலும் நாங்கள் அசிங்கப்பட்ட கதை ஒன்று உண்டு. எங்கள் பையன் ஒரு கேசிங் பேட்டர்னை டிராயிங் அளவுக்கு அச்சுப் பிசகாமல் பிரிண்ட் போட்டு, பெருமையாக ஃபவுண்டரிக்கு எடுத்துப்போனான். அங்கே மர பேட்டர்ன் செய்கிற பெரியவர் ஒருவர், கைநிறைய மரத்தூளோடு வந்து, தன் இடுப்பில் செருகியிருந்த அளவுகோலை எடுத்து அதன்மேல் வைத்தார். அது சாதாரண ஸ்கேல் இல்லை, இரும்பு ஆறும்போது எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு கோடுகளைத் தள்ளிப் போட்ட ஸ்கேல். "தம்பி, சுருங்கறதுக்கு எங்க விட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். வார்ப்பு இரும்பு நூற்றுக்கு ஒன்று சுருங்கும், 300 மில்லி வேண்டும் என்றால் பேட்டர்ன் 303 இருக்க வேண்டும். கன்மெட்டலுக்கு ஒன்றரை, ஸ்டீலுக்கு இரண்டு. மெஷினிங்கில் கடைந்து எடுப்பதற்கான கூடுதல் சதையும் விடவில்லை. பிறகு விரல் நுனியால் பக்கவாட்டில் மேலும் கீழும் தடவினார், அடுக்குக் கோடுகள் நகத்தில் தட்டுப்பட்டன. "இது மண்ணை விட்டு வராதே" என்றார். பேட்டர்னை மேலே தூக்கும்போது மண் உடையாமல் வரப் பக்கச் சுவர் கொஞ்சம் சாய்வாக இருக்க வேண்டும், வழவழப்பாகவும் இருக்க வேண்டும். எங்கள் பேட்டர்ன் செங்குத்துச் சுவர், அதுவும் ரம்பப் பல். பையன் முகம் சுண்டிவிட்டது. ஆனால் அந்தப் பெரியவர்தான் புட்டி பூசித் தேய்த்து பெயின்ட் அடித்து அதையே ஒப்பேற்றி, வார்த்தும் கொடுத்தார். இப்போது பையன் ஃபைலை பிரிண்டருக்கு அனுப்பும் முன் அவருக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான்.

பேட்டர்னே இல்லாமல் மணலையே அடுக்கடுக்காகப் பிசின் தெளித்து மோல்டாகவும், பாகத்தின் உள்வழிக்கு நடுவில் வைக்கிற கோராகவும் பிரிண்ட் போடுகிற பெரிய மெஷின்களும் வந்துவிட்டன. ஒன்றோ இரண்டோ கேசிங் மட்டும் வேண்டும், உள்ளே வளைந்து வளைந்து தண்ணீர் வழி என்றால் கோர் எடுக்கிற அச்சுப் பெட்டி செய்கிற செலவுக்கு அது லாபம். வந்த பாகம் அசல் இரும்பு, அசல் வார்ப்பு, பிரஷர் ஏற்றலாம், மெஷினிங் பண்ணலாம், மனசாட்சியோடு பார்ட்டியிடம் கொடுக்கலாம்.

நேரடியாக உலோகத்தையே பிரிண்ட் போடுவதுதான் எதிர்காலம் என்று முடித்திருந்தீர்கள். ராக்கெட்டுக்குச் சரி. 2024 மே 9-ஆம் தேதி மகேந்திரகிரியில் இஸ்ரோ பிரிண்ட் போட்ட, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலைக்கான பி.எஸ்.4 இன்ஜினை 665 விநாடி எரித்துக் காட்டியது, 14 பாகமாக இருந்தது ஒரே பாகமாகியிருக்கிறது, 19 வெல்டிங் மிச்சம், 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பவுடர் போதும் என்றார்கள். அதே மாதக் கடைசியில் சென்னை அக்னிகுல் கம்பெனி ஒரே துண்டாகப் பிரிண்ட் செய்த இன்ஜினோடு ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவியது. நம்ம பக்கத்து ஆட்கள் செய்தது என்று நானும் பட்டறையில் பால்பாயசம் இல்லாத குறையாகக் கொண்டாடினேன். அங்கே ஒவ்வொரு வெல்டிங்கும் ஒரு ஆபத்து, ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கணக்கு. அரை ஹெச்.பி. பம்புக்கு அந்தக் கணக்கு வராது. எங்கள் தொழிலில் உலோகப் பிரிண்டுக்கு உருப்படியாக நான் பார்த்த ஒரே இடம் மோல்டுக்குள் மாற்றிப் பொருத்துகிற இரும்புத் துண்டு, இன்சர்ட் என்பார்கள்; ட்ரில்லால் நேராகத்தானே துளை போட முடியும், பிரிண்டில் குளிரவைக்கிற தண்ணீர் வழியைப் பாகத்தின் வளைவோடு கூடவே கொண்டுபோகலாம், மோல்டு சீக்கிரம் குளிரும்.

மாதிரி பொய் சொல்லும் என்றேன். ஆரஞ்சு இம்பெல்லர் சொன்னது ஒரு வகைப் பொய், நல்லதைக் கெட்டது என்றது. அதனால் போனது ஒரு ஆர்டர், அவ்வளவுதான். கெட்டதை நல்லது என்கிற மாதிரிதான் உண்மையில் ஆளைக் கவிழ்க்கும். மோட்டாரில் ஒயர் இணைக்கிற டெர்மினல் பாக்ஸின் மூடி ஒன்று, ஸ்க்ரூ இல்லாமல் கிளிப்பில் மாட்டுவது. ஆரஞ்சு அனுபவத்துக்கு அப்புறம் நான் உஷாராகிவிட்டேன் இல்லையா, பவுடர் நைலானிலேயே மாதிரி போட்டேன். மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, ஐம்பது தடவைக்கு மேல் பார்த்தோம், கிளிப் அசையவில்லை. தைரியமாக மோல்டு போட்டாயிற்று. அசல் மூடி 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான். மெஷினில் இருந்து சுடச்சுட வந்த முதல் மூடியை நானே எடுத்து ஆற வைத்து மாட்டினேன், ஆறு கிளிப்பில் இரண்டு "டிக் டிக்" என்று ஒடிந்து பாக்ஸுக்குள் விழுந்தன. கண்ணாடி இழை விறைப்பைக் கொடுக்கும், வளையவிடாது. மோல்டில் இருந்து அப்போதுதான் வந்த நைலான் ஈரமில்லாமல் இன்னும் முறுகலாக இருக்கும். பவுடர் நைலானில் இந்த இரண்டும் இல்லை. போதாக்குறைக்கு ஒரு இடத்தில் பிளாஸ்டிக் தடிமனாக இருந்ததால் ஆறும்போது உள்ளே இழுத்து மேல்பக்கம் குழி விழுந்திருந்தது. பிரிண்ட் போட்டதில் எவ்வளவு தடிமன் வைத்தாலும் குழி விழாது, அதனால் எங்கள் கண்ணில் படவேயில்லை. நல்லவேளை, கிளிப்பை மெலிசாக்க மோல்டில் இரும்பைச் சேர்க்க வேண்டியிருந்த இடத்தில் இன்சர்ட் மாற்றி ஒப்பேற்றிவிட்டோம், இரும்பை வெட்டி எடுப்பது சுலபம், சேர்ப்பதுதான் பாடு. என் கைக்காசு எழுபதாயிரம் போனது. பார்ட்டியிடம் கேட்க வாய் வரவில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், மாதிரி வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் டீ சொல்லிவிட்டு ஒரு துண்டுத் தாளை எடுப்பேன். இது மேஜையில் வைத்துக் காட்டவா, மாட்டிப் பார்க்கவா, ஓட்டிப் பார்க்கவா, இல்லை வெளியே ஆள் கையில் கொடுக்கவா என்று கேட்பேன். காட்ட என்றால் அந்தப் பி.எல்.ஏ.வே போதும், கலரும் கேட்பேன். ஓட்ட என்றால் எவ்வளவு சூடு, தண்ணீரா எண்ணெயா வெயிலா, விசை எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, எதோடு உரசுகிறது, கடைசியில் மோல்டிங்கா வார்ப்படமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவேன், பாதிப் பேருக்கு இரண்டாவது கேள்விக்கே பதில் தெரியாது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருவார்கள். பதில் கிடைத்தால் முறை தானாக வந்துவிடுகிறது. எந்த முறையில் செய்தாலும் அது அசலில் இருந்து எந்தப் பக்கம் விலகி நிற்கிறது என்று தாளின் அடியில் எழுதிவிடுவேன், "கிளிப் அசலைவிட அதிகம் வளையும், நம்பாதே" என்கிற மாதிரி. மாதிரியின் முதுகிலும் மெட்டீரியல் பெயரும் தேதியும் மார்க்கரில் எழுதிவிடுவோம், ஏனென்றால் மாதிரிகளுக்குக் கால் முளைக்கும், காட்ட மட்டும் செய்தது ஒன்று எப்படியோ டெஸ்டிங் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரிய ஆர்டர், வெளியே நாலு ஊருக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்றால் பிரிண்டையே விட்டுவிட்டு அலுமினியத்தில் சின்ன மோல்டு போட்டு அசல் பிளாஸ்டிக்கிலேயே சில நூறு பீஸ் எடுத்துவிடுங்கள் என்பேன். செலவு அதிகம் என்று முகம் சுளிப்பார்கள். என் எழுபதாயிரம் கதையைச் சொல்வேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. அடுத்த தடவை இப்படிப் படம் போட்டால் கீழே அது எந்த மெட்டீரியல், எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தார்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நாலு மணி நேரத்தில் செய்தார்கள் என்பதைவிட எங்களுக்கு அதுதான் செய்தி. இன்ஜினியரிங் காலேஜ்களிலும் இதே பிரச்சினைதான், லேபில் நல்ல நல்ல மெஷின் இருக்கிறது, பிள்ளைகள் பிள்ளையாரும் சாவிக்கொத்தும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே பாகத்தை மூன்று வாக்கில் வைத்துப் பிரிண்ட் போட்டு, மூன்றையும் இழுத்து ஒடித்து, எது முதலில் ஒடிந்தது என்று பார்க்கச் சொன்னால் ஒரு மத்தியானம் போதும். மாணவர்களை யாராவது அனுப்பினால் எங்கள் பட்டறையில் ஒடித்துக் காட்டத் தயார், டீயும் தருகிறேன்.

அந்த முதல் இம்பெல்லர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆறு மாதம் கழித்து என் சொந்தச் செலவில், மனசு ஆறாமல், அதே ஃபைலைப் பவுடர் நைலானில் போட்டு வாங்கினேன். துளையை லேத்தில் கடைந்து, அதே பம்பில் மாட்டி, அதே வால்வை மூடி எட்டு நிமிஷம் ஓட்டினேன். கேசிங்கில் கை வைக்க முடியவில்லை, இம்பெல்லர் அப்படியே இருந்தது. பார்ட்டிக்கு போன் போட்டேன். அவர் அதற்குள் பித்தளையிலேயே ஆயிரம் பம்புக்கு ஆர்டர் கொடுத்துவிட்டிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்,
கணபதி, கோவை

பின்குறிப்பு: உங்கள் படத்தைப் பையன் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினான். அந்த மஞ்சள் இம்பெல்லரின் நடுத் துளையில் ஷாஃப்டோடு பூட்டுகிற கீவே காடியும் இல்லை, மரையும் இல்லை. அதை எந்த ஷாஃப்டில் எப்படி மாட்டி ஓட்டினார்கள் என்று படம் எடுத்தவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?